பச்சை விளக்கு எரிந்த பிறகு

வீடியோ கேம் தயாரிக்கும் சுடர்வெளி விளையாட்டுக்கூடத்தில் நுழைகிற எல்லோரும் நெற்றியில் உணர்பட்டை கட்டியாக வேண்டும். கட்டியவரின் அழுகையையும் பயத்தையும் அது அப்படியே பதிவு செய்யும். வேறொருவர் நெற்றியில் கட்டினால் அந்த உணர்வை அவருக்குள் ஊட்டிவிடும். வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு நடிகர்களின் பொய்யழுகை அலுத்துப்போய்விட்டது. நிஜம் வேண்டுமாம்.

முன்பு இங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு விளையாட்டிலும் எங்கோ ஒரு மூலையில் டீக்கடை ஒளிந்திருக்கும். உழைத்தவர்கள் எல்லோரும் அதில் குட்டிப் பொம்மைகளாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். உணர்பட்டை வந்தபின் நிஜத்தில் யாரும் சேர்ந்து டீ குடிப்பதில்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் அப்பா இறந்த செய்தி வந்தபோது, அவள் பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரித்தார்கள். வெட்கம்கெட்ட கூட்டம்.

காட்சித் தலைவி நிரஞ்சனாவுக்குக் கடைசிக் காட்சிக்கான துயரம் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் அவள் வேலை போய்விடும். டீக்கடையை வரைந்த ஜெபசீலனை அழைத்தாள். பழைய நண்பர்.

"உங்களை வேலையிலேருந்து எடுத்துட்டாங்க ஜெபா."

திரையில் டீக்கடையைத் திறந்து, அவர் கண்முன்னே அவர் பொம்மையை அழித்தாள்.

"பொண்ணு பன்னெண்டாவது படிக்குதும்மா. நீ கொஞ்சம் பேசிப் பாரேன்."

போதுமான அளவு பதிவானதும் அவர் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நிதானமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க ஜெபா."

அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான், "சும்மா, பதிவுக்காகச் சொன்னேன்" என்றாள். ஜெபசீலன் திட்டவில்லை. பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை.

விளையாட்டு வெளியானது. அவருடைய துயரத்துக்கு ஜனங்கள் ஒருமுறை அழுதார்கள், அவ்வளவுதான். வில்லனாக ஆடத்தான் கோடிப்பேர் முண்டியடித்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தபோது நிரஞ்சனாவுக்குள் ஊறிய இனிப்பை அவளுடைய பட்டையும் பதிவு செய்திருந்தது. அதைத்தான் வில்லனுக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. பாராட்டுக் கூட்டத்துக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் இயக்குநர் ரகோத்தமன் கூப்பிட்டார். அவர் திரையில் டீக்கடை திறந்திருந்தது.

"முன்னெல்லாம் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னா எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. இப்ப உங்களோட அந்த வில்லன் பதிவைப் போட்டுக்கறேன்" என்று நெற்றிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். மறு கையால் திரையில் அவள் பொம்மையை அழித்தார்.

"சார்... பதிவுக்காகத்தானே?"

வீட்டுக் கடன், படுக்கையில் கிடக்கும் அம்மா என்று அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். எதிரே இருந்த கண்ணாடித் தடுப்பில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரகோத்தமன் நிதானமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க நிரஞ்சனா."