காயாத பசை

நான்காம் நாளும் பசை காயவில்லை.

கத்திரி வெயில் காயும் மே மாதம். மந்தைவெளியில் அந்த மூன்றாம் மாடி வீட்டின் பால்கனிக் கொடியில் போட்ட புடவை அரை மணியில் அப்பளமாய் முறுகிவிடும். அப்படிப்பட்ட மதியத்தில், ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்த நாலடிப் பலகையின் மேல் அபயாம்பாள் விரலை வைத்துப் பார்த்தபோது பலகை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது, ஜுரம் இறங்கிக்கொண்டிருக்கிற நெற்றியைப் போல. விரலை முகர்ந்தாள். பசையின் புளிப்புக்கு அடியில் லேசாகச் சவரச் சோப்பின் வாசனை.

சட்டையிலிருந்து வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பலகை முழுக்க அவர் சட்டைகள்தானே.

கல்யாணராமன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். இந்த அறை அவருடையது. அவர் கூப்பிட்டால் மட்டும் அபயாம்பாள் உள்ளே வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வார இதழ்ப் படங்கள், துணித் துண்டுகள், காய்ந்த இலைகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, மேலே வண்ணம் தீட்டிப் படங்கள் செய்வாள். பதினான்கு படங்கள் அவளோடு புக்ககம் வந்தன. கல்யாணராமன் பதினான்கையும் செருப்பு அலமாரித் தட்டுகளில் விரித்தார். அட்டை கெட்டி, மண் கீழே சிந்தாது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார். அவளும் காபி டம்ளர்களை நீட்டிக்கொண்டே சிரிப்பாள். இருபத்தேழு வருடம் அப்படித்தான் சிரித்தாள்.

அவர் போன பிறகு, அடையாற்றில் இருக்கும் மகள் மதுவந்திதான் கட்டிலை மட்டும் விட்டுவிட்டு அறையை ஒழித்துக் கொடுத்தாள். பாண்டி பஜாருக்குப் போய்ப் பலகையும் வண்ணங்களும் ஒரு வாளி வெள்ளைப் பசையும் வாங்கி வந்தாள். அம்மா இனிமேலாவது தனக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அபயாம்பாளுக்குக் கலங்கவில்லை. முதல் வேலையாகக் கூடத்துக்கு நகர்த்தியிருந்த பீரோவைத் திறந்து அவருடைய கட்டம் போட்ட சட்டைகளை எடுத்தாள். கிர்ரென்று துணி கிழிந்த சத்தம் அவளுக்கு இனித்தது. சட்டைக்கு மேல் ஈசிஜி தாள்கள், அதற்கு மேல் அவர் கையெழுத்துப் போட்டுப் பார்த்த காகிதங்கள், எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறப் பூச்சு. உருவம் எதையும் அவள் நினைக்கவில்லை. அவரைக் கிழித்தால் போதும், ஒட்டினால் போதும் என்றிருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டு வேலைக்கு வரும் பச்சையம்மா, கூடத்தைத் துடைத்துவிட்டு அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அந்த ரூமாண்ட நான் போவலம்மா. உள்ள யாரோ மூச்சு வுட்டுக்கினு கீறாங்க."

ஃபேன் சத்தம், வேலையைப் பார் என்று அபயாம்பாள் அதட்டினாள்.

பச்சையம்மா வாளியைத் தூக்கிக்கொண்டாள். "கரண்டு போயி அரை அவர் ஆவுதும்மா."

மறுநாள் மதியம் அபயாம்பாள் கூடத்தில் தனியாகப் படுத்திருந்தாள். தெரு அடங்கிப்போய், எதிர் வீட்டு மிக்ஸியும் ஓய்ந்து, தரையின் சூடு பாய் வழியாக முதுகில் ஏறிக்கொண்டிருந்த நேரம். சாத்தியிருந்த அறைக்குள் கிர்ரென்று துணி கிழிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் கிர்ர். அவசரமே இல்லாமல், அளந்து கிழிக்கிற சத்தம்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. பலகையின் நடுவில், அவள் ஒட்டாத துணி ஒன்று ஒட்டியிருந்தது. கடுகு மஞ்சள் பருத்தி. அரக்குக் கரை.

அவளுடைய புடவை. பீரோவின் அடித்தட்டில் அது மடித்தபடியே இருந்தது. விரித்துப் பார்த்தாள். கீழ்க்கரையில் ஒரு சாண் அளவுக்குச் சீராகக் கிழிந்திருந்தது. அந்தப் புடவையை அவள் ஏழு மாதமாகக் கட்டவில்லை. கட்ட முடியவில்லை.

துணியைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். காலையில் அது பலகையில் இருந்தது. பக்கத்தில் இன்னும் சில துண்டுகள். மரப்பழுப்பு. கறுப்பாக ஒரு பட்டை. வெள்ளித் தாளில் இரண்டு சின்ன வளையங்கள். பின்னால் நகர்ந்தாள். வாசற்படி தாண்டிக் கூடம் வரைக்கும் பின்னால் போனாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் அது என்ன படம் என்று புரிந்தது.

தரையிலிருந்து பார்க்கிற பார்வை. இடப்பக்கம் பெரிதாகக் கட்டில் கால். எதிரே சாத்திய கதவு. அதன் அடியில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். வெளிச்சத்தில் அரக்குக் கரை. மெட்டி போட்ட இரண்டு பாதங்கள்.

போன ஐப்பசியில் ஒரு பிரதோஷ நாள். அவர் உள்ளேயிருந்து "அபயம்" என்றார். எப்போதும் போல அதட்டலாக. அவள் காபி டம்ளரோடு கதவுவரை வந்தாள். உள்ளே ஏதோ விழுந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. மூன்றாவதில் சொல்லே இல்லை. அவள் நின்றாள். காபியில் ஆடை படியும்வரை நின்றாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கபாலி கோயிலுக்குப் போனாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்துதான் கதவைத் திறந்தாள்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசிவரை இந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பலகையைத் திருப்பி வைக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை. அன்று சாயங்காலம் மதுவந்தி வந்தாள். படம் எப்படி வந்திருக்கிறது என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே, தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் நின்று பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கீழ விழுந்தவா பாக்கற மாதிரி இருக்கும்மா. இது அப்பாவோட கட்டில் கால். இது உன் மெட்டிதானே?"

அபயாம்பாள் கால்விரல்களை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா விழுந்தப்போ நீ கோயில்ல இருந்தேன்னுதானே சொன்னே?"

"ஆமாம்."

"அப்போ இதை எப்படிப் பண்ணினே?"

"நான் பண்ணலடி."

மதுவந்தி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "எதைப் பண்ணலம்மா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஏதாவது ஒரு சொல் கிடைத்திருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நம்பியிருப்பாள். மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். செருப்புச் சத்தம் மூன்று மாடியும் கேட்டு நின்றது.

அதற்குப் பிறகு பயமெல்லாம் போய் அபயாம்பாளுக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை பட்டது போதாதா, மிச்சமிருந்த ஒருத்தியையும் பிடுங்கிக்கொண்டாயே என்று வாய்விட்டுக் கத்தினாள். பலகையில் நகங்களைப் பதித்து இழுத்தாள். ஒரு துண்டைப் பிய்த்ததற்கு எல்லாமே கூடவே வந்தன. சட்டை, தாள், பூச்சு, புடவை. ஒரே தோலாக உரிந்து, சொத்தென்று தரையில் விழுந்தன. பலகை வெறும் மரமாக நின்றது.

கீழே கிடந்த ஈரக் குவியல் மேலெழுந்தது. தணிந்தது. மறுபடி எழுந்தது.

வெளியே ஓடி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்து விளக்கைப் போட்டாள். கதவின் மேல் காதை வைத்தாள்.

ஈரத் துணி தரையில் இழுபடும் சத்தம். நின்றது. இழுபட்டது. கிட்டே. சவரச் சோப்பு.

"அபயம்."

ஓட வேண்டும். கால் வரவில்லை. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கை ஏதோ வந்து அடைத்தது.

ஈசிஜி தாள் ஒன்று வெளியே நீண்டது. பக்கத்தில் கட்டம் போட்ட துணி. இன்னொன்று. இன்னொன்று. ஐந்து. அவள் பாதத்தின் மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன. வெதுவெதுப்பாக. காற்றுக் குமிழி இல்லாமல், ஓரங்களை அழுத்தி, பொறுமையாக ஒட்டிக்கொண்டன.

காலைப் பிடுங்கினாள். தோல் வந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் அகலம்தான் இடம். அதன் வழியாக அந்தக் கை அவளை உள்ளே இழுத்தது.