பதினான்காம் வீட்டின் மீதம்

காலை ஆறரை மணிக்கு இசக்கியம்மாள் உப்பளக் குறுக்குத் தெருவுக்குள் நுழையும்போது, இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் நான்கு நான்கு வாளிகள் காத்திருக்கும். பச்சையில் சமையலறைக் கழிவு. நீலத்தில் தாளும் துணியும். சாம்பல் நிற வாளியில் உலோகம், கண்ணாடி, உருக்கக்கூடிய பிளாஸ்டிக். நான்காவது கறுப்பு வாளி, ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். அதை நிரப்ப யாருக்கும் மனம் வராது.

இசக்கியம்மாள் அந்தத் தெருவின் பிரிப்புத் துணை. ஒன்பது வருடமாக அதுதான் வேலை. கையில் ஒரு முகர்கோல் இருக்கும். அதன் நுனியை ஒரு பொருளின் மீது வைத்தால் அது எதனால் ஆனது, எந்த வாளிக்குரியது என்று சொல்லிவிடும். ஆனால் கோல் சொல்வதை வைத்துக்கொண்டு யாரையும் அவள் அதட்டியதில்லை. மருந்து அட்டையின் பின்பக்கத் தகட்டை எப்படி உரிப்பது, பழைய செருப்பின் அடிப்பாகத்தை எப்படிப் பிரிப்பது, எதை வாங்காமலே இருந்துவிடலாம் என்றெல்லாம் வாசலில் குந்தி உட்கார்ந்து பொறுமையாகக் காட்டிக்கொடுப்பாள். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை என்பது வாளியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அதை வெளியே சொல்லக்கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அப்படி உறுதிமொழி கொடுத்திருந்தாள்.

குப்பைமேடுகள் எல்லாவற்றையும் மூடி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. நிலத்திலும் கொட்டக்கூடாது, கடலிலும் கொட்டக்கூடாது, எரிக்கவும் கூடாது. எதையும் மறுபடி ஆக்க முடியாத மீதம், அது உண்டான தெருவிலேயே இருக்க வேண்டும். கறுப்பு வாளியில் சேர்வதைத் தெருமுனையில் இருக்கும் ‘அழுத்தி’ இயந்திரம் இறுக்கி, செங்கல் அளவில் ஒரு மீதக்கல்லாக்கும். அதன் முகத்தில் வீட்டு எண் பதியும். கல்லைத் தெருக்கோடியில் உள்ள மீதச்சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு கல். ஏதாவது ஒரு வீடு அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும், தெருவின் பொதுவண்டி பத்து நாள் ஓடாது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துறைமுகத்துக்கும் எல்லோரும் நடக்க வேண்டியதுதான்.

நல்ல சட்டம்தான். அதனால்தான் தூத்துக்குடிக் கரையில் மறுபடியும் தண்ணீருக்கடியில் மணல் தெரிந்தது. அந்தச் சட்டத்தை இசக்கியம்மாள் முழு மனதோடு நம்பினாள்.

பதினான்காம் எண் வீட்டின் கறுப்பு வாளி ஒரு வருடம் முழுக்கக் காலியாகவே இருந்தது. அந்த வீட்டை 'மீதமிலா இல்லம்' என்று பாராட்டப்போவதாக வட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். எப்படிச் சாதித்தார்கள் என்று கேட்டு எழுதிவந்தால் மற்ற வீடுகளுக்கும் பாடமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்துவிடலாம் என்று வேலையை இசக்கியம்மாளிடம் கொடுத்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. அந்த வீட்டில் மற்ற மூன்று வாளிகளும்கூட ஏறக்குறைய காலியாகத்தான் இருந்தன.

பிலோமினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் பளுதூக்கிகளைத் திரை பார்த்து இயக்கியவள். கதவைத் திறந்து, உள்ளே வரச்சொன்னாள். கூடத்தில் நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். சமையலறையில் அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. பாத்திரங்கள் இல்லை. அலமாரியில் ஊட்டக்கட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. நெடும்பயணம் போகிறவர்கள் கொண்டுபோகும் கட்டிகள் அவை. மேலுறையையும் சேர்த்துத் தின்றுவிடலாம்.

"எழுதிக்கோ. ஒரு நாளைக்கு மூணு கட்டி, மூணு தம்ளர் தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது," என்றாள் பிலோமினா.

இசக்கியம்மாள் எழுதவில்லை. பிலோமினாவின் கழுத்தெலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாங்குவதில்லையா என்று கேட்டாள். மீனென்றால் செதிலும் முள்ளும் மிஞ்சுமே என்று பதில் வந்தது. பச்சை வாளிக்குத்தான் அளவே கிடையாதே, அத்தனையும் உரமாகிவிடுமே என்றாள் இசக்கியம்மாள்.

"அதையும் ஒரு ஆளு வந்து தூக்கணும்லா? என் வீட்டுலேர்ந்து இனிமே யாரும் எதையும் தூக்க வேண்டாம், இசக்கி."

அந்த வார்த்தை எங்கேயிருந்து வருகிறதென்று இசக்கியம்மாளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு பிலோமினாவின் கணவர் தொம்மைக்குக் குடலில் புற்றுநோய். அறுவைக்குப் பிறகு வயிற்றில் ஒரு பை மாட்டியிருந்தார்கள். பையும், அதை ஒட்டும் பிசினும், புண்ணுக்குப் போடும் கட்டும் பல அடுக்காகச் செய்தவை, பிரிக்க முடியாதவை. எல்லாம் கறுப்பு வாளிக்குத்தான் போயின. நாலு மாதத்தில் சுவரில் பதினான்காம் எண் போட்ட கல் பதினொன்று ஆனது. பொதுவண்டி மூன்று மாதம் நின்றது. தெருக்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் நடந்து போகிற பிள்ளைகள் மட்டும், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பதினான்குகளை எண்ணிக்கொண்டு போனார்கள்.

தொம்மையின் கட்டில் தெருப்பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் சந்தையிலிருந்து நடந்துவந்த இரண்டு பெண்கள் அந்த ஜன்னல் நிழலில் நின்றார்கள். அதில் ஒருத்தி பையை இறக்கி வைத்துவிட்டு, "இது எப்பம் முடியும்னே தெரியலையே," என்றாள். வண்டி நின்றதைத்தான் சொன்னாள். உள்ளே படுத்திருந்தவருக்கு அது வேறு மாதிரி கேட்டது. பாவம், அந்தப் பிள்ளை சொல்வதும் நியாயம்தானே என்று பிலோமினாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னாராம்.

மறுநாள் காலையில் இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, இதில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டார். எல்லா வீட்டுக்கும் சொல்வதைப்போலத்தான் அவள் அவருக்கும் சொன்னாள். பையை இரண்டு நாளுக்கு ஒன்று என்று மாற்றலாம், கட்டுத்துணியை வெந்நீரில் அலசி இன்னொரு தடவை போடலாம். தொம்மை அதை நாலு நாளாக்கினார். புண் சீழ் கட்டியது. ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்தார். நோய் ஏற்கெனவே பரவிவிட்டது, எப்படியும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அப்படித்தானா என்று இசக்கியம்மாளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா," என்றாள்.

 பிலோமினா காலியாகக் கிடந்த கூடத்தை ஒருமுறை பார்த்தாள்.

"உன் மேல கோவம் இருந்துது. இப்பம் அவ்வளவா இல்ல. சுத்தமாப் போயிட்டுன்னு சொல்ல மாட்டேன்."

 அலுவலகத்துக்குப் போன இசக்கியம்மாள், அந்த வீட்டைப் பற்றித் தன்னால் எழுத முடியாது, பிறருக்குப் பாடமாகச் சொல்லத்தக்க வீடும் அது இல்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு உறுதிமொழியைக் காரணம் காட்டினாள். எழுதாவிட்டால் பரவாயில்லை, எண்ணிக்கை இருக்கிறதே, அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரமே, வியாழக்கிழமை காலையில், ஒன்பதாம் எண் வீட்டு மும்தாஜ் இசக்கியம்மாளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஏழாம் மாதத்தில் பெண் பிறந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைக்கு இன்னும் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. மூக்கு வழியே மெல்லிய குழாய். அதன் வழியாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பால். அதில் மாட்டும் பால்குழாயும் ஊசிக்குழலும் பால் உறையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். எதையும் பிரிக்க முடியாது. தொட்டிலுக்கு அடியிலிருந்து மும்தாஜ் ஒரு துவர்த்துத் துண்டு மூட்டையை இழுத்தாள். நாலு நாள் கழிவை வெளியே வைக்காமல் அதில் சுற்றி ஒளித்திருந்தாள்.

"இந்தக் குழாயக் கொதிக்க வச்சு ரெண்டு தடவ போடலாமாக்கா? எதக் குறைக்கலாம்னு சொல்லுங்க."

இசக்கியம்மாள் தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு மும்தாஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணையும் குறைக்காத. டாக்டர் எட்டுன்னா எட்டுதான். ஒரு குழாயக்கூட ரெண்டாந்தடவ போடாத."

மும்தாஜ் அழுதாள். வண்டி நின்றுவிடும், தொம்மை மாமா வீட்டுக்கு நடந்ததுபோல் தங்கள் வீட்டுக்கும் ஆகிவிடும், பிள்ளை வளர்ந்த பிறகும் சுவரில் அந்த எண்கள் இருக்குமே என்றாள். அப்போது தானும் கல்யாணமாகி வந்த புதிதில் வெயிலில் நடந்து அலுத்துக்கொண்டதுண்டு, அதற்குத்தான் இது வந்ததோ என்றுகூடச் சொன்னாள்.

அன்று மத்தியானம் இசக்கியம்மாள் சட்டப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தாள். கல்லின் மேல் பதியும் எண் எந்த வீட்டினுடையது என்பதற்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: மீதத்தை அழுத்தியில் கொண்டுவந்து இடுகிற வீடு. அது எந்த வீட்டில் உண்டானது என்று ஒரு சொல்லும் இல்லை. ஒரு வீட்டின் மீதத்தை இன்னொரு வீடு தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் என்று யாரும் நினைத்துப் பார்க்காததால், கூடாது என்று எழுதவும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே பக்கத்தில் இதே வரிதான் இருந்தது.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்ல மும்தாஜின் சம்மதம் வேண்டும். மும்தாஜ் அரைநாள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். இசக்கியம்மாள் முதலில் பதினான்காம் எண் வீட்டுக்குத்தான் போனாள். மற்ற எல்லா வீடுகளையும்விட அங்கே கேட்கத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அங்கே கேட்காமல் வேறு எங்கும் கேட்பது சரியில்லை என்று பட்டது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எந்த வீட்டுப் பிள்ளை என்று பிலோமினா கேட்டாள். மும்தாஜ் பிள்ளை என்றதும் அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"அன்னைக்கு இந்த ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றாள் இசக்கியம்மாள். பிறகு பிலோமினா சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

"அவளுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். கைப்பிள்ளைக்காரி."

 பிலோமினா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். பூசைக்கும் கடைக்கும் தவிர வெளியே வந்து மாதக்கணக்காகியிருந்தது. ஐந்து வீடு தாண்டி நடந்துபோய் ஒன்பதாம் எண் கதவைத் தட்டினாள். தொட்டிலில் முழங்கை நீளத்துக்கு ஒரு குழந்தை, கன்னத்தில் ஒட்டிய பட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. பிலோமினா குனிந்து பார்த்தாள். பால் தங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று விசாரித்தாள். என்ன பெயர் என்று கேட்டாள். பெயர் இன்னும் வைக்கவில்லை, பிழைத்த பிறகு வைக்கலாம் என்று இருக்கிறோம் என்றாள் மும்தாஜ். அப்படிச் செய்யாதே, இன்றைக்கே வை என்று பிலோமினா சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மும்தாஜ் பதறித் தடுத்தாள். "மாமி, அது எங்க வீட்டுக் குப்பை."

"இப்பம் எங்க வீட்டுக் குப்பை," என்றாள் பிலோமினா.

தெருமுனையில் அழுத்தி வீட்டு எண் கேட்டது. பதினாலு என்று அவள் சத்தமாகச் சொன்னாள். வாசல்களில் நின்ற சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவ்வருடம் தெருக் காரியங்களைக் கவனிக்கும் முறைக்காரரான வேலாயுதம், 'மீதமிலா இல்லம்' என்று எழுதிய பலகையோடு அவள் பெயரை வாசித்தார். பிலோமினா எழுந்து முன்னால் போனாள். பலகையை வாங்கவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்க வீட்டுல ஒரு ஆளு இருந்தாரு. குப்பையும் இருந்துது. அவரு போயிட்டாரு, குப்பையும் நின்னுட்டு. இதுக்குப் பரிசு தராதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வேலாயுதம் பலகையை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு இசக்கியம்மாள் சட்டத்தின் அந்த ஒரு வரியை வாசித்து, ஒன்பதாம் எண் வீட்டு நிலைமையைச் சொன்னாள்.  பின்வரிசையிலிருந்து மூன்றாம் வீட்டுக்காரர் கையைத் தூக்கி, தன் எண்ணில் ஒரு கல் போட்டுக்கொள்ளலாம் என்றார். வேலாயுதம் தனக்கு இரண்டும் சம்மதம் என்றார். ஒரு கல் இடமே மிச்சமிருந்த வீடுகள்கூட, இனிமேல் வருடக் கடைசிவரை பார்த்துச் செலவழிப்போம், எங்களையும் எழுதிக்கொள் என்றன. அந்த வாரம் பொருள்களைக் குறைப்பதெப்படி என்று கேட்டு இசக்கியம்மாளை அழைக்காத வீடு இல்லை.

ஐந்து மாதத்தில் பதினைந்து கற்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பதாம் எண் இரண்டில் மட்டும்தான் இருந்தது. மற்றவை தெரு முழுக்கச் சிதறியிருந்தன. எது குழந்தையினுடையது, எது மற்றவர்களுடையது என்று யாராலும் இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. குழாயை எடுத்த பிறகு குழந்தை ஆயிஷா அழுத அழுகை எட்டாம் வீடுவரை கேட்டது.

அந்த ஐந்து மாதமும் தினமும் மூட்டை எடுத்துப்போக பிலோமினாதான் வந்தாள். தன் வீட்டு இரண்டு கல்லும் முடிந்த பிறகும், எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்தவளை மும்தாஜ் சும்மா அனுப்புவதில்லை. ஒரு தட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். முதல் நாள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, குழம்பில் உப்பு கூடுதல் என்று குறை சொன்னாளாம். மும்தாஜ் அதைச் சந்தோஷமாக இசக்கியம்மாளிடம் வந்து சொன்னாள்.

மார்கழியில் ஒரு காலை, பதினான்காம் எண் வாசலில் இசக்கியம்மாள் நின்றாள். பச்சை வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. மீன் செதில், குடல், வெங்காயத் தோல், புளிச்சக்கை, முருங்கைக் காம்பு. அவசரத்தில் ஒரு எண்ணெய் உறையும் கிழிந்த காகிதமும் அதிலேயே விழுந்து, எல்லாவற்றோடும் கலந்து பிசுபிசுத்துக் கிடந்தன. ஒன்பது வருடத்தில் அந்தத் தெருவில் இவ்வளவு மோசமாகப் பிரித்த வாளியை அவள் பார்த்ததில்லை. குனிந்து வெறும் கையாலேயே உறையை எடுத்துச் சாம்பல் வாளியில் போட்டாள். பிறகு காகிதத்தை எடுத்தாள். கையெல்லாம் செதில் ஒட்டியது.

உள்ளே எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே பிலோமினாவின் குரல் கேட்டது.

"இசக்கியா? எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டேனா?"

"ஆமாக்கா. மாத்தித்தான் போட்டிருக்கீங்க."

"நாளைலேர்ந்து ஒழுங்காப் போடுதேன். கையக் கழுவிட்டு வா, மீன் ஆறுது."