இரவல் கண்கள்

நேற்றுவரை படங்களில் அந்த அம்மாவின் கண்கள் திறந்துதான் இருந்தன. இன்று திரையில் எந்தப் படத்தைப் போட்டாலும் அவளுக்கு மட்டும் இமை மூடியிருந்தது.

சுற்றி நின்ற மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாரும் அதே சிரிப்போடு இருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஸ்டுடியோ என்று போட்டோகிராபர் பெருமையடித்துக்கொள்ளும் வீட்டு முன்னறையில் சூடேறிய விளக்கின் கருகல் வாடையும் கம்ப்யூட்டர் விசிறியின் முனகலும் கலந்து கிடக்க, அவன் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

மகன் மதியமே போனில் அழுதிருந்தான். "அம்மா காலையில தவறிட்டாங்க சார். நீங்க எடுத்ததுதான் கடைசிப் படம். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறோம்."

மனிதர் முகமென்றால் அவனுக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்காக நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவன். மனைவி அன்றே சிரித்தாள்: "ஊர்ல உள்ளவங்க மூஞ்சியெல்லாம் பாருங்க, வீட்ல ஒருத்தி இருக்கறத மறந்துடாதீங்க." இந்த வருஷமும் தொழில் ஓடாவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இந்தப் படத்திலும் கோட்டை விட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

கண் மூடிய முகத்துக்கு, அதே ஆளின் வேறு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டுவது தொழிலில் சாதாரணம். அதே ஆளின் கண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே அதற்கு வழியில்லை. வேறு யாருடையதை எடுப்பது?

மனைவியின் படத்தைத் திறந்தான். கேமரா பிடிக்கப் பழகியதே அந்தக் கண்களை வைத்துத்தான். வெட்டினான். ஒட்டினான். ஓரத்தை மெழுகினான்.

செத்தவள் அவனைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

"ஏங்க, கரண்ட் போயிடுச்சா?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இல்லம்மா… எரியுதே."

"விளையாடாதீங்க. ஒண்ணுமே தெரியல."

பாத்திரம் உருண்டது. சுவரைத் தடவும் சத்தம். அவன் ஒட்டியதை அழித்தான். திரையில் அந்த அம்மாவின் இமைகள் மறுபடி மூடிக்கொண்டன.

"இப்ப? இப்பத் தெரியுதா?"

"இல்லீங்க."

மனைவியின் படத்தைத் திறந்தான். மூடிய கண்கள். அடுத்தது. மூடிய கண்கள். கல்யாணப் படம். அதிலும்.

கடவுளே.

வாசலில் மணி அடித்தது. "சார், நாங்கதான்."

அவன் எழவில்லை. தடவிக்கொண்டே வந்தவள் அவன் தோளைப் பிடித்தாள். இமைகளுக்கு நடுவே கோடுகூட இல்லை. நெற்றித் தோல் அப்படியே கன்னம்வரை இறங்கியிருந்தது. குளிர்ந்த விரல்கள் அவன் தாடையில் ஏறின. மூக்கில். புருவத்தில்.

"உங்களுது திறந்துதான் இருக்கு," என்றாள் மெதுவாக.

விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு அழுத்தத் தொடங்கின.