பட்டியலில் இரண்டாவது வரி

சர்வரின் முதுகில் ஒரே ஒரு யுஎஸ்பி சாவிதான் செருகியிருந்தது. திரையில் இருந்த பட்டியலோ இரண்டு என்றது.

அந்தப் பலகைத் தொழிற்சாலையின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் அவள். மதியம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து அறுவை இயந்திரம் படுத்துவிட்டது. அதை ஓட்டுகிற தம்பி, "அக்கா, சீக்கிரம் பாரு, சூப்பர்வைசர் உயிரை வாங்குறாரு" என்று இரண்டு முறை போன் செய்துவிட்டான். வேலை சின்னதுதான். அந்தச் சர்வருக்குள் நான்கு மெய்நிகர் கணினிகள் உடம்பில்லாமல் குடியிருந்தன, தொழிற்சாலையின் நான்கு இயந்திரங்களுக்கும் ஆளுக்கொன்றாக. அறுவை இயந்திரத்தின் மென்பொருளைத் திறக்கும் அந்த யுஎஸ்பி சாவியை அதன் கணினியோடு திரையில் இணைத்துவிட்டால் போதும்.

ஜன்னலில்லாத அந்த அறையில் விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் ஏசியின் ஈர வாடைக்கும் அடியில், சூடேறிய பிளாஸ்டிக்கோடு கலந்து, வெட்டிய இறைச்சியின் நாற்றம் மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வரியில் பெயர் இல்லை. குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு துளையாக விரலால் தடவிப் பார்த்தாள். சாவி இருந்ததைத் தவிர மற்றதெல்லாம் காலி. நிமிர்ந்தபோது அந்த வரி பச்சையாகியிருந்தது.

இணைக்கப்பட்டது: அறுவை இயந்திரம்.

அவள் எதையும் அழுத்தவில்லை.

போன் அடித்தது. "வந்துடுச்சுக்கா. பிளேடு சுத்துது."

"நான் இன்னும் கனெக்ட் பண்ணவே இல்லடா. நீ எங்க நிக்கிற?"

"பிளேடு கூண்டுக்குள்ளதான். மரப்பட்டை சிக்கியிருந்துச்சு, எடுத்துட்டு..."

"வெளிய வா. முதல்ல வெளிய வா."

"கதவு தொறக்க மாட்டேங்குதுக்கா."

பலகை அறுபடும் சத்தம் அவளுக்குத் தெரியும். அடுத்து வந்தது பலகையின் சத்தம் இல்லை.

திரையில் 'துண்டி' என்பதை அழுத்தினாள். பயன்பாட்டில் உள்ளது. மறுபடி அழுத்தினாள். பயன்பாட்டில் உள்ளது. சாவியைப் பிடுங்கினாள். மின்வயரைப் பிடுங்கினாள். விசிறிகள் நின்றன.

திரை அணையவில்லை. பிளேடும் நிற்கவில்லை.

தம்பி அலறினான். பட்டியலில் ஒரு வரி கூடியது. மறுபடி அலறினான். இன்னொரு வரி. ஐந்து அலறல். ஐந்து வரி.

பிறகு போனில் பிளேடு மட்டும்.

விசிறிகள் ஓய்ந்த அறையில், சர்வருக்குப் பின்னால் ஏதோ சொட்டியது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாள்.

துளைகளில் விரல்கள்.

அறுபட்ட முனை உள்ளே. நகம் வெளியே. நகக்கண்ணில் மரத்தூள். ஐந்தும் தம்பியுடையவை. ஐந்திலும் இன்னும் சூடு.

சுட்டுவிரல் மடங்கியது.

இணைக்கப்பட்டது: அழுத்து இயந்திரம்.

சுவருக்கு அப்பால் யாரோ ஒரு பெண் கத்தத் தொடங்கினாள்.

நடுவிரல் மெல்ல அசைந்தது.