வெண்ணூல் மாங்காய்

வெண்ணாற்றின் மீது மாலைச் செவ்வொளி மங்கி, கீழ்த்திசையில் முழுமதி எழுந்த அந்த வேளையில், அரண்மனைச் சித்திர மண்டபத்தில் செங்கமலம் ஒரு பரங்கித் தூதனின் கழுத்தை வரைந்துகொண்டிருந்தாள். இதென்ன வேலை என்று வாசக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பரங்கியின் முகத்தை எழுதிவிடலாம்; கழுத்தைச் சுற்றியிருக்கும் வெண்ணூல் பின்னலை, இன்று நாம் லேஸ் என்கிறோமே அதை, எழுதுவதற்குள் சித்திரக்காரருக்குப் பிராணன் போய்விடும்.

செங்கமலத்துக்கோ போவதற்கு அதிகம் மிச்சமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் வேறொரு பரங்கிக் கப்பித்தானை, அதாவது கப்பல் தலைவனை, அவள் எழுதினாள். மன்னரின் பரிசாக அந்தச் சித்திரத்தைத் துறைமுகத்துக்கு எடுத்துச் சென்றவன், அவளுக்கு நிச்சயித்திருந்த அத்தை மகன் கோனேரி. சித்திரமும் போய்ச் சேரவில்லை, அவனும் திரும்பவில்லை. அவள் அழவுமில்லை. சோறு வைத்தால் உண்டாள், எழுதச் சொன்னால் எழுதினாள். நெஞ்சு மரத்துப் போயிருந்தது.

இப்போது வந்திருப்பவன் அந்தக் கப்பித்தானின் தம்பியாம். அடையாளமாக அண்ணனின் கழுத்துப்பட்டையையே அணிந்து வந்திருந்தான். சித்திரத்தில் தாம் கண்ட பட்டை அதுவே என்று எதிரே வீற்றிருந்த மன்னரும் நம்பினார். வழக்கப்படி சித்திரத்தின் கண்கள் கடைசியில் மையால் எழுதித் திறக்கப்பட்டதும், துறைமுகத்தை இவனுக்கு எழுதிக் கொடுக்கும் ஓலையில் முத்திரை விழும்.

பின்னலை நுணுகிப் பார்த்த செங்கமலத்தின் தூரிகை நின்றது. அதில் வரிசையாக மாங்காய்கள் இருந்தன.

அன்று கப்பித்தான் அணிந்திருந்த பட்டையில் இருந்தவை ஊர் பேர் தெரியாத ஏதோ மலர்கள். அதை எழுதிய அன்று அவள் கண்ணெல்லாம் வாயிலில் நின்ற கோனேரியின் மேல். கை தன் பழக்கத்தில் சேலைக்கரை மாங்காய்களைப் போட்டுவிட்டது. பரங்கிக் கழுத்தில் மாங்காய் காய்த்துவிட்டதே என்று கோனேரி மட்டும் கண்டுபிடித்துக் கேலி செய்தான்.

"மகாராஜா, இந்தப் பட்டை என் சித்திரத்தைப் பார்த்துப் பின்னப்பட்டது. என் பிழையும் இதில் இருக்கிறது," என்று அவள் எழுந்து நின்று விண்ணப்பித்தாள்.

காவலர் சூழ்ந்ததும் பரங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவன் கப்பலை விட்டு ஓடிவந்த மாலுமி, பகைவரின் கூலியாள். ஆற்றுத் துறையில் சித்திரத்தைப் பறித்ததும் அவனே. கொண்டுவந்தவன் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நீரில் நின்றானாம். கீழே போட்டிருந்தால் வாளை உருவியிருக்கலாம். போடவில்லை. அவன் வெட்டுண்டு சாய்ந்தபோதும் சித்திரம் நனையாமல் கிடைத்தது என்றான்.

செங்கமலம் அசையாமல் கேட்டுக்கொண்டாள். அப்போதும் அழுகை வரவில்லை.

"இவனைச் சிறையில் தள்ளுங்கள். இந்தச் சித்திரத்தைத் தீயிலிடுங்கள்," என்றார் மன்னர்.

"சற்றுப் பொறுக்க வேண்டும், மகாராஜா. இன்னும் கண் திறக்கவில்லை."

"இந்தப் பாதகனின் கண்களை எதற்குத் திறக்க வேண்டும், பெண்ணே?"

"அவரைக் கடைசியாகப் பார்த்த கண்கள் இவை," என்று சொல்லி, செங்கமலம் மைக்கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.