கீரைப் பாத்தியில் விழாத வெயில்

வியாழனின் நிலவான கானிமீடில் எழுந்ததும் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, இன்றைக்கு வெயில் எத்தனை என்று கேட்டுவிடுவார்கள். மாசானமும் கேட்டான். பால்கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்த அரைக்கீரைப் பாத்தி அவன் பொறுப்பு.

"உள்ளங்கை அகலத்துக்கு, நொடிக்கு இருபதாயிரம் கோடிக் கோடி ஒளித்துகள்" என்றது சுவரிலிருந்த ஒளிக்கணி. சூரியனின் பிரகாசம், தூரம், கூரையின் சாய்வு ஆகியவற்றை வைத்து மதிப்பிடும் இயந்திரம் அது. பூமியில் விழுவதில் இருபத்தேழில் ஒரு பங்குதான். அதற்கென்றே வளர்த்தெடுத்த கீரை என்பதால் அதுவே போதும்.

"பொறவு ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?"

"என் கணக்கு சரி."

"ஒங் கணக்கக் கீர திங்குமாக்கும்!"

இன்று ஆணையர் பார்வையிட வருகிறார். பாத்தி பச்சையாக இல்லையென்றால் மாசானம் திரும்பவும் பனிக்கட்டிக் குவாரிக்குத்தான். பத்து வருடம் அங்கே கடப்பாரை பிடித்த தோள் இன்னும் குடைகிறது.

கூரையை உள்ளே துடைத்துப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. காற்றுச்சட்டையையும் பேச்சுக் கருவியையும் மாட்டிக்கொண்டு வெளியே ஏறினான்.

கூரையை மூடி நாற்பதடிப் பேனர். 'இருண்ட நிலவுக்கு வெயில் தந்த வள்ளலே, வருக!' நடுவில் ஆணையர் சிரித்தார். மூலைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான், மச்சினன் இசக்கி.

"ஏல, எப்பக் கட்டுன இத?"

"நாலு நாளாச்சு அத்தான். எப்பிடி இருக்கு?"

"கீர சாவுதுல! அவுருல மொதல்ல!"

"அவுத்துருவேன். கீழ் வரிசையப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கீழே தபால்தலை அளவில் வரிசையாக முகங்கள். ஏழாவது, கறுப்புக் கண்ணாடியோடு கைகட்டி நிற்கும் மாசானம். வரவேற்புக் குழு கேட்டபோது அவனே தேடிக் கொடுத்த படம். முடிச்சை அவிழ்க்கப் போன மாசானத்தின் கை அப்படியே நின்றது.

அதற்குள் ஆணையரின் வண்டி வந்துவிட்டது. அவர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பேனரை மட்டும் பார்த்தார்.

"மொகம் மங்கலா இருக்கே. மேல சுத்துற வெயில் கண்ணாடிய இதும்மேல திருப்புங்க. யாருப்பா இங்க பொறுப்பு? நீயா? இனிமே இதப் பாத்துக்க."

வண்டி போய்விட்டது. மாசானம் குவாரியிலிருந்து தப்பினான். கீரை மட்டும் தப்பவில்லை.

மறுநாள் எழுந்ததும் பேனர் வெளிச்சக் கண்காணிப்பாளர் மாசானம் வழக்கம்போலக் கேட்டான்.

"ஆணையர் முகத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நொடிக்கு ஐந்து லட்சம் கோடிக் கோடி."

"அது கெடக்கட்டும்." மாசானம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கீழ் வரிசைல ஏழாவதா ஒரு படம் இருக்குல்லா, அதும்மேல எத்தன விழுது?"