அசையாதவள்

படத்தில் கணவர் கலங்கியிருந்தார். மனைவி மட்டும் தலைமுடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தாள். பழைய படங்களைச் சீர்செய்தே தலை நரைத்துப்போன ஸ்டூடியோக்காரருக்கு அது முதலில் உறுத்தவில்லை. அந்தக் காலத்துக் கேமரா முன்னால் எட்டுப் பத்து நொடி ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விட்டாலே படம் கலங்கும். மாப்பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்.

“அப்பாவை மட்டும் தெளிவாக்கிக் குடுங்க தம்பி. அவளை வெட்டிடுங்க,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த, அறுபதைத் தாண்டிய அம்மாள். “நான் பொறந்த பதினோராம் நாள் என்னைப் போட்டுட்டு ஓடிப்போனவ. அப்பா அப்படித்தான் சொன்னாரு.”

சொல்லும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மதிய வெயிலில் கடை கொதித்தது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, பழைய அட்டையிலிருந்து பூஞ்சையும் பசையும் கலந்த வாடை மூக்கில் ஏற, ஸ்டூடியோக்காரர் பூதக்கண்ணாடியைப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண்கள் மூடியிருந்தன. விழிகள் இமையின் மேல் தூரிகையால் வரைந்தவை. பின்னால் நின்ற கணவரின் விரல்கள் அவள் தோளில் அழுந்தியிருந்தன. சாய்ந்துவிடாமல் தாங்கும் பிடி.

மூச்சு விட்டாலே படம் கலங்கும். இவள் மூச்சே விடவில்லை.

பாவம், இவள் எங்கேயும் ஓடவில்லை. பெற்ற மகள் ஓர் ஆயுள் முழுக்க, செத்துப்போனவளைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

“வெட்டியாச்சா தம்பி?”

“வெட்ட வேண்டாம்மா. அவங்க உங்களை விட்டுட்டுப் போகல.”

நாற்காலி நகரும் சத்தம். அந்த அம்மாள் எழுந்து வந்து அவர் தோளருகே நின்றார்.

படத்தில் அவள் மடியில் புடவை மடிப்புகள் மட்டும் தடித்துத் தெரிந்தன. ஸ்டூடியோக்காரர் ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்தார். சாயம் கரைந்து வந்தது. யாரோ பிறகு பூசி மறைத்தது.

கீழே ஒரு குழந்தை.

தாயின் மார்பில் முட்டும் தலை. கலங்கிய தலை. உயிருள்ளது அசையும்.

“நானா?” என்றார் அந்த அம்மாள்.

அவர் பஞ்சை மறுபடி நனைத்தார். இன்னும் துடைத்தார்.

தாயின் இடது கை நாற்காலிப் பிடியில் இருந்தது. நகம்வரை தெளிவு.

வலது கை குழந்தையின் முதுகில்.

அதில் விரல்களே தெரியவில்லை. தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும் கையைப்போல, அது மட்டும் கலங்கியிருந்தது.